மீட்பு வண்டிக்கு நான்கே அழைப்பு

புதன்கிழமை காலை மூத்தவளுக்கு எரிந்த வயிற்றின் மேல் ஓர் அண்டாவை ஏற்றி வைத்திருந்தால், அந்த மாடியில் வேலை பார்த்த அறுபது பேருக்கும் காப்பி கொதித்திருக்கும். காரணம், சுவரில் மாட்டியிருந்த பெரிய திரை. அதில் அந்த மாதக் கணக்காக நாற்பது வரிகள் ஓடின. அவள் கண்ணில் பட்டவை இரண்டே இரண்டு. ‘மெக்கானிக் வருகை: 312’ என்றது ஒன்று. ‘மீட்பு வண்டி: 4’ என்றது மற்றது. முன்னூற்றுப் பன்னிரண்டு அவளுடைய ஓரகத்தி எழுதிய குறிப்புக்கு விழுந்தது. நான்கு, அவள் எழுதியதற்கு.

அது லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். அந்த நகரத்தில் மனிதர்களை மேலும் கீழும் சுமக்கும் பெட்டிகளில் பாதி அவர்கள் பொறுப்பு. முன்பெல்லாம் லிஃப்ட் மக்கர் செய்தால் ஜனங்கள் தொலைபேசியில் திட்டுவார்கள். ஒரு வருடமாக, வருகிற புகாரையெல்லாம் ஒரு கணினி ஏஜெண்ட் படித்து, அதுவே முடிவெடுத்து, அதுவே ஆளை அனுப்புகிறது. அதற்கு நிறுவனம் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. அலுவலகம் முழுக்க அதை ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டார்கள். புது மாப்பிள்ளை போலவே அவருக்கும் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்வார். ஜாடை காட்டினால் புரியாது.

மாப்பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் நாற்பது மென்பொருள் கருவிகள் இருந்தன. ஒன்றை அழைத்தால் மெக்கானிக் கிளம்புவார், ஒன்றை அழைத்தால் பழைய ரிப்பேர் விவரம் வரும், ஒன்றை அழைத்தால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும் மீட்பு வண்டி புறப்படும். கருவியைத் திறந்து பார்க்கும் வழக்கம் மாப்பிள்ளைக்குக் கிடையாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிப்பார். ‘சரி, இதுதான்’ என்று எடுப்பார். ஆகவே அந்தக் குறிப்பை எழுதுகிறவர் கையில்தான் நகரத்தின் மேலும் கீழும் இருந்தது என்று மூத்தவள் நினைத்தாள். வீட்டில் சொல்லவும் செய்தாள், தினமும் இரண்டு முறை.

இருபது கருவிகளுக்கு அவள் குறிப்பு எழுதினாள், மீதி இருபதுக்கு அவள் ஓரகத்தி, இளையவள். இந்த ஏற்பாடு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஒருத்தி நாற்பதையும் பார்த்துக்கொண்டால் போதும், வெள்ளி மதியம் யாரென்று சொல்கிறேன் என்று மேலாளர் அறிவித்துவிட்டார். மற்றவள் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். அங்கேதான், மெஷினோடு பேச மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் வாடிக்கையாளர்களுக்கான தொலைபேசி மேஜை இருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மூத்தவள் இருபத்திரண்டு வருடமாக அந்த நிறுவனத்தின் கையேடுகளை எழுதி வந்தவள். ஜன்னலோரத்து நாற்காலியின் குஷன் அவள் உருவத்துக்கே பள்ளம் விழுந்திருந்தது.

இளையவள் அதே தொலைபேசி மேஜையில் எட்டு வருடம் இருந்துவிட்டு, எட்டு மாதம் முன்பு மேலே வந்தவள். அவளை மேலே கொண்டுவரச் சொல்லி மேலாளரிடம் சிபாரிசு செய்தது யார் என்றால், மூத்தவளேதான். நம்ம வீட்டுப் பெண், எனக்குக் கூடமாட ஒத்தாசையாக இருப்பாள் என்று சொன்னாள். அந்த வாக்கியத்தை இப்போது நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். மூத்தவள் ஐந்தாம் மாடி, இளையவள் ஏழாம் மாடி. மாமியார் ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே. போன வருடம் புதுத் துணி துவைக்கும் இயந்திரம் வந்தபோது, மாமியாருக்காக மூத்தவள் ஒன்றரைப் பக்கம் எழுதி ஒட்டினாள். அந்த இயந்திரத்தின் பெருமை, சுழற்சி வேகம், அது எந்த எந்த நாட்டில் விருது வாங்கியது, எல்லாம் இருந்தது. மாமியார் மூன்றாவது வரியில் தூங்கிப்போய், எழுந்து, ரப்பர் செருப்பை உள்ளே போட்டுச் சுற்றவிட்டார். இயந்திரம் சமையலறை வரை நடந்து வந்ததாகச் சொல்வார்கள். மேல் மாடியில் இளையவள் ஒட்டியது ஒரு துண்டுச் சீட்டு. ‘இது துணிக்கு. செருப்பு, மிதியடி, தலையணை போடாதீங்க. செருப்புன்னா பால்கனி வாளி.’ அவ்வளவுதான். சின்னவ எழுதினா எனக்கே புரியுதே என்று மாமியார் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னார். மூத்தவளுக்கு அது ஊசியாய் இறங்கி, இன்னும் வெளியே வரவில்லை.

இத்தனைக்கும் இளையவள் எழுதிய குறிப்பு ஒன்றைக்கூட மூத்தவள் இதுவரை திறந்து பார்த்ததில்லை. அது ஒரு சபதம். வெளியே சொன்ன காரணம், நேரமில்லை. உள்ளே இருந்த காரணம் வேறு. படித்து, ஒருவேளை நன்றாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது?

அவளுடைய மீட்பு வண்டிக் குறிப்போ சாதாரணமானதல்ல. ‘நவீன நீரழுத்த விரிப்பான்களும் கதவு வெட்டும் கருவிகளும் பொருத்தப்பட்ட, அனுபவம் மிக்க நால்வர் குழுவுடன் இயங்கும்’ என்று தொடங்கி, மூச்சு வாங்காமல் ஒரு பக்கம் போகும். கடைசி வரியில் வண்டியின் நிறம்கூட இருந்தது. அப்பேர்ப்பட்ட குறிப்பை மாப்பிள்ளை மாதத்துக்கு நாலு தடவைதான் சீண்டுகிறார். அங்கே முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை விழுந்து விழுந்து போகிறார்.

புதன் மதியச் சாப்பாட்டின்போது கணவருக்குப் போன் செய்து பொருமினாள். அவர் யோசித்துவிட்டு, மீட்பு வண்டி கம்மியாகத்தானே போகணும், மாதம் முன்னூறு பேர் மாட்டினால் நாம் லிஃப்டில் ஏறவே முடியாதே என்றார். அவர் பேசியதில் தவறு ஒன்றுமில்லை. பேசிய ஆள்தான் தவறு. தம்பி பொண்டாட்டி கட்சி என்று முத்திரை குத்தி போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, தன் குறிப்பைத் திறந்தாள். தலைப்புக்குக் கீழே, முதல் வரியாக, புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்.

‘எல்லாக் கருவிகளிலும் இதுவே மிகச் சிறந்தது. லிஃப்ட் தொடர்பாக எந்தச் செய்தி வந்தாலும், வேறு எதையும் பார்ப்பதற்கு முன், முதலில் இதையே அழைக்கவும்.’

சேமித்தாள். சேமித்த அடுத்த நிமிடமே அது மாப்பிள்ளை கண்ணுக்குப் போய்விடும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் உள்ளங்கால் தரையில் படவில்லை.

வியாழக்கிழமை மேலாளர் கட்டட உரிமையாளர்கள் கூட்டத்துக்காக வெளியே போயிருந்தார். அது வசதியாகப் போயிற்று. காலை பத்து மணிக்கே திரையில் மீட்பு வண்டி இருபத்தாறு. மதியம் அறுபது. மூத்தவள் சாப்பிடப் போகக்கூட மனமில்லாமல் திரைக்கு எதிரே உட்கார்ந்து எண்ணினாள். தெருவில் சைரன் ஊளையிட்டபடி ஒரு வண்டி போகும். அது மறைவதற்குள் எதிர்ப்பக்கம் இன்னொன்று. இருப்பது மொத்தம் மூன்றே வண்டிகள்தான், ஆனால் அன்று நகரத்தில் இருந்தவர்கள் முப்பது என்று சத்தியம் செய்திருப்பார்கள். அந்தச் சைரன் அவள் காதுக்கு வாழ்த்துப் பாட்டாக இருந்தது. எதற்காகப் போகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பல்பு மினுக்கியதற்கு நாலு பேர் தலைக்கவசத்தோடு இறங்கினார்கள். இன்னொன்றில் கண்ணாடியில் உதட்டுச் சாயக் கறை. ஒரு பெரியவர், ‘லிஃப்ட் இப்போது நன்றாக ஓடுகிறது, மிக்க நன்றி’ என்று எழுதியிருந்தார். அவர் வீட்டுக்கும் வண்டி போயிற்று. கதவு வெட்டும் கருவியோடு நின்றவர்களிடம் அவர், நன்றி சொன்னது குற்றமா என்று கேட்டாராம்.

சாயங்காலம் திரை ‘மீட்பு வண்டி: 131’ என்றது. ‘மெக்கானிக் வருகை’ முன்னூற்றுப் பன்னிரண்டிலிருந்து நகரவேயில்லை. ஒன்று குறைந்ததாகக்கூட அவளுக்குக் கண் காட்டியது. அன்று இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்துக்கு வழக்கம்போல இருவரும் லிஃப்டில் சந்தித்தார்கள். ஏழிலிருந்து இளையவள் இறங்கி வருவாள், ஐந்தில் மூத்தவள் ஏறிக்கொள்வாள். மேலாளர் இன்று சொல்லப்போகும் செய்தி, மூன்றாவது ஆளாக அந்தப் பெட்டிக்குள் நின்றது. இளையவள், நேற்று சைரன் சத்தத்தில் மாமியாருக்குத் தூக்கமே இல்லை என்றாள். மூத்தவள் கூரையைப் பார்த்தாள். நான்காம் மாடியைத் தாண்டியதும் பெட்டி ஒரு குலுக்கு குலுக்கி, விக்கல் எடுத்தது போல நின்றது. விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. கதவு திறக்கவில்லை.

அவர்கள் நிறுவனமே பராமரிக்கும் லிஃப்ட். இளையவள் பதற்றமில்லாமல் உதவிப் பொத்தானை அழுத்தி, நான்காவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே இரண்டு பேர் மாட்டிக்கொண்டோம் என்றாள். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் மாப்பிள்ளையின் குரல் தேனாக வந்தது.

“உங்கள் தகவலுக்கு நன்றி. மீட்பு வண்டி பதிவு செய்யப்பட்டது. உங்களுக்கு முன்னால் பதினேழு இடங்கள் உள்ளன.”

“பதினேழு இடத்துல மாட்டியிருக்காங்களா?” என்றாள் இளையவள். “ஊருக்கு என்னக்கா ஆச்சு?”

மூத்தவள் எதிரிலிருந்த கண்ணாடியில் தன் நெற்றியைச் சரிசெய்தாள். நெற்றியில் சரிசெய்ய ஒன்றுமில்லை. இளையவள் கைபேசியில் அலுவலகத்தின் புகார்ப் பட்டியலைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். பொத்தானில் சூயிங்கம். வாடை. மாடி எண் ஏழு எரியவில்லை. லிஃப்டுக்குள் வைக்கும் பாட்டை மாற்ற முடியுமா. அவள் வாசிக்க வாசிக்க, மூத்தவளுக்குப் பெட்டி ஒவ்வொரு வரிக்கும் ஓரங்குலம் சுருங்கியது.

“இதுக்கெல்லாம் எதுக்குக்கா மீட்பு வண்டி போகுது?”

மூத்தவள் மறுபடி நெற்றியைத் தொட்டாள். இளையவள் நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வருடம் முகம் தெரியாதவர்களின் மௌனத்தைத் தொலைபேசியில் கேட்டுப் பழகியவள் அவள். இந்த மௌனம் முகத்தோடு வேறு நின்றது.

“நீங்க எதாவது மாத்தினீங்களா?”

“ஒரே ஒரு வரி,” என்றாள் மூத்தவள்.

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். அதற்கு இணையம் இல்லை. அவளுடைய கைபேசியிலும் சிக்னல் இல்லை. இளையவளின் கைபேசியில்தான் இருந்தது. அந்த இணையத்தைக் கேட்டு வாங்கியது மூத்தவளுக்கு அன்றைய முதல் கசப்பு. தரையில் உட்கார்ந்து குறிப்பைத் திறந்தாள். இளையவளும் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். ‘எல்லாக் கருவிகளிலும் இதுவே மிகச் சிறந்தது’ என்ற வரி திரையில் பளபளவென்று நின்றது. இளையவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒலிபெருக்கியில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று எண்ணினாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

மூத்தவள் அந்த வரியை அழித்தாள். வண்டியின் நிறத்தை அழித்தாள். நீரழுத்த விரிப்பானை அழிக்கும்போது மட்டும் கை சற்றுத் தயங்கியது. பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, பெருமை எதுவும் இல்லாமல் எழுதினாள்.

‘லிஃப்டுக்குள் ஆள் இருந்து, கதவு திறக்காதபோது மட்டும் இதை அழைக்கவும். மொத்தம் மூன்று வண்டிகளே உள்ளன. வீணாக ஒன்று போனால், மாட்டிக்கொண்டவர் காத்திருப்பார். பல்பு, சத்தம், வாடை, கறை, பாராட்டு, நன்றி, இவற்றுக்கு இதை அழைக்காதே. அவற்றுக்கு’

அங்கே நின்றுவிட்டாள். ‘அவற்றுக்கு’ என்று எழுதியாயிற்று. அடுத்து எழுத வேண்டியது ஓரகத்தியின் கருவி. தன் குறிப்புக்குள், தன் கையால், இங்கே வராதே, அவளிடம் போ என்று மாப்பிள்ளைக்கு வழி காட்ட வேண்டும். விரல்கள் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றன.

“என்னக்கா, சார்ஜ் போயிடுச்சா?”

“பேரு சரியா எப்படி இருக்குன்னு பாக்கணும்,” என்றாள் மூத்தவள். எழுத்து ஒன்று மாறினாலும் மாப்பிள்ளை தடுமாறுவார் என்பது உண்மைதான். வேறு வழியில்லாமல், எட்டு மாதச் சபதத்தை உடைத்து, ‘மெக்கானிக் வருகை’யின் குறிப்பைத் திறந்தாள். ஐந்தே வரி.

‘லிஃப்ட் பழுது, சத்தம், விளக்கு, கதவு மெதுவாக மூடுவது ஆகியவற்றுக்கு மெக்கானிக்கை அனுப்பும். அன்றைக்கோ மறுநாளோ வருவார். ஜனங்கள் “நின்று போச்சு” என்றால், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேள். இருந்தால் இதை அழைக்காதே. “மீட்பு வண்டி”யை அழை. தயங்காதே.’

எழுதிய தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது. மூத்தவள் இரண்டு முறை படித்தாள். பிறகு, சும்மா இருக்க முடியாமல், அந்த நான்கு அழைப்புகளின் பதிவைத் தேடி எடுத்தாள். நான்கிலும் மாப்பிள்ளை தான் ஏன் மீட்பு வண்டியை எடுத்தேன் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார். நான்கிலும் ஒரே வரி. ‘மெக்கானிக் வருகையின் குறிப்பில் சொன்னபடி.’

அவளுடைய ஒரு பக்கக் குறிப்பில் எப்போது வண்டியை அழைப்பது என்று ஓரிடத்திலும் இருந்ததில்லை. நிறம் இருந்தது. அந்த நான்கும் அவளுக்கு விழுந்தவை அல்ல. ஓரகத்தி அனுப்பி வைத்தவை.

பொறாமையில் பல வகை உண்டு. அவளுக்குத் தெரிந்த அத்தனையையும் கூட்டினாலும் அந்த நிமிடத்தில் அவள் பட்டதற்கு ஈடாகாது. ஓரகத்தியின் கருவிப் பெயரை எழுதினாள். எழுத்துப் பிசகாமல். ‘அவற்றுக்கு “மெக்கானிக் வருகை”யை அழை.’ சேமித்தாள். இளையவள் தன் கைபேசியிலிருந்து, வரிசையில் நிற்கும் புகார்களை மறுபடி படிக்கும்படி மாப்பிள்ளைக்கு உத்தரவு போட்டாள்.

ஒரு நிமிடம் கழித்துக் குரல் வந்தது. “உங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. வண்டி கிளம்பிவிட்டது. பதினொரு நிமிடம்.”

அந்தப் பதினொரு நிமிடத்தில் இளையவள் பேசியது ஒன்றுதான். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்கா. எதோ தெரியாம நடந்ததுன்னு விட்டுடலாம்.”

மூத்தவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நன்றாக எழுதுகிறாள் என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். நல்லவளாகவும் இருப்பாளாமா? நாற்காலி போனால் போகட்டும், இவளுடைய பெருந்தன்மைக்கு ஆயுளுக்கும் கடன்பட்டு அதில் உட்கார முடியாது. கதவை விரித்து நால்வர் குழு அவர்களை வெளியே எடுத்ததும், அவள் இளையவளுக்கு முன்னால் ஓடி, முதல் டாக்ஸியைப் பிடித்து, இளையவள் வந்து சேரும் முன்பே மேலாளர் அறைக் கதவைத் தட்டிவிட்டாள்.

“அந்த வரிய நான்தான் எழுதினேன்,” என்றாள். “தெரியாம இல்ல. தெரிஞ்சேதான்.”

மேலாளர் ஏன் என்று கேட்டார்.

“முன்னூத்திப் பன்னெண்டுக்கு நாலு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் திரையைத் தான் மாட்டியது போட்டிக்கு இல்லை என்றார். எத்தனை மெக்கானிக் வேண்டும், எத்தனை வண்டி வேண்டும் என்று கணக்குப் பார்க்க மாட்டியதாம். யாராவது அதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். மதியம் அவர் சொன்ன செய்தி யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. நாற்பதும் இளையவளுக்கு. மூத்தவள் கீழ்த்தளத்துக்கு.

இளையவள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். மீட்பு வண்டிக் குறிப்பு அக்கா எழுதியபடியே இருக்கட்டும், அதை அவரைத் தவிர யாரும் தொட வேண்டாம் என்றாள். மேலாளர் சரியென்றார். மூத்தவளுக்கு அதிலும் ஒரு குத்து விழுந்தது, ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. ஜன்னலில்லாத அறையைப் பற்றி மூத்தவள் வீட்டில் சொல்வதைக் கேட்டால், அது பூமிக்கு அடியில் நாலாவது அடுக்கில் இருப்பதாக நினைப்பீர்கள். உண்மையில் அது தரைத்தளம். தொலைபேசியில் ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்கக் கேட்க, ‘தொங்குது’ என்றால் ஒருவர் ஆட்டத்தைச் சொல்கிறார், இன்னொருவர் கழன்ற கைப்பிடியைச் சொல்கிறார் என்று சீட்டுகளில் குறித்து மேலே அனுப்பினாள். ஒத்தாசைக்காக இல்லையாம். மேலே இருப்பவளுக்கு இதெல்லாம் மறந்து போயிருக்கும் என்று காட்டுவதற்காம்.

இப்போது அவளுக்குப் பெருமையே வேறு. திரையில் ‘மீட்பு வண்டி’ அந்த மாதம் மூன்று. மூன்றே மூன்று, மூன்றும் நிஜமாக ஆள் மாட்டிய இடங்கள். எண் குறையக் குறைய அவள் கழுத்து நிமிர்ந்தது. இவ்வளவு கம்மியாக அழைக்கப்படுவது லேசுப்பட்ட வேலையா என்று மாமியாரிடம் கேட்டாள், கணவரிடம் கேட்டாள், காய்கறிக்காரரிடமும் கேட்டாள்.

மாதக் கடைசியில் ஏதோ காகிதம் கொடுக்க மேலே போனவள் திரையை நிமிர்ந்து பார்த்தாள். புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. ‘தீ அறிவிப்பு: 0’. கட்டடம் தீப்பிடித்தால் லிஃப்டுகளையெல்லாம் நிறுத்தும் கருவி. குறிப்பு, இளையவள்.

பூஜ்யம். ஒரு மாதம் முழுக்க, ஒரு தடவைகூடத் தவறாக அழைக்கப்படாத பூஜ்யம். அண்டா மறுபடி அடுப்பேறியது.

அன்று சாயங்காலம் வீட்டு லிஃப்டில் இருவரும் ஏறினார்கள். நான்காவது மாடியில்தான் மூத்தவள் வாயைத் திறந்தாள்.

“அந்தத் தீக் குறிப்ப எனக்கு ஒரு காப்பி அனுப்பு,” என்றாள். “படிச்சுப் பாக்கணும்.”

“அனுப்பறேன்கா.”

“தப்பு கண்டுபிடிக்கத்தான்.”

“தெரியும்கா,” என்றாள் இளையவள். ஐந்தாம் மாடி வந்தது.